சொல்லக் கூசும் நோய்க்கும் துணை வேண்டும்



நம் சங்க மலரில் பொங்கல் விழா பற்றியும், தமிழ்வழிப் பள்ளிகளின் நிலை பற்றியும், எல்லையோரத் தமிழர் சான்றிதழுக்காக அலையும் அலைச்சல் பற்றியும் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஆண்களின் விரையில் வரும் புற்றுநோயைப் பற்றியது. "குடும்பத்தோடு படிக்கும் இதழில் இதையெல்லாமா எழுதுவது?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். குடும்பத்தோடு படிக்கும் இதழ் என்பதால்தான் எழுதுகிறேன். இந்த நோய் பெரும்பாலும் தாத்தாக்களைத் தேடி வருவதில்லை. பதினைந்திலிருந்து நாற்பது வயதுக்குள் இருக்கும் மகனையும், கணவனையும், தம்பியையும்தான் தேடி வருகிறது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். இல்லாதது, "எனக்கும் இது வந்தது, நான் பிழைத்து உட்கார்ந்திருக்கிறேன் பார்" என்று நம் மொழியில் சொல்ல ஓர் ஆள். அந்த ஆளைத் தேடித் தருவது நம் சங்கத்தால் முடிகிற காரியம் என்பது என் கருத்து.

மருந்து இருக்கிறது என்று வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த நோய் உடம்பின் மற்றப் பகுதிகளுக்குப் பரவிவிட்டால் பிழைத்தவர் மிகச் சிலரே. 1974இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன், சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். அதிலிருந்து கதையே மாறிவிட்டது. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பிழைக்கிறார்கள். விரையோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் ஏறத்தாழ எல்லோருமே பிழைக்கிறார்கள். முற்றிய புற்றுநோயையும் மருந்தால் முழுக்கக் குணமாக்கலாம் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லும்போது முதலில் காட்டும் உதாரணங்களில் இந்த நோயும் ஒன்று.

அப்படியானால் நம் பையன்கள் எங்கே இடறுகிறார்கள்? கூச்சத்தில் இடறுகிறார்கள். விரையில் வரும் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததால் "விரைவீக்கமாக இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். லயத்து வீட்டில் ஒரே அறையில் அம்மாவும் தங்கையும் இருக்க, எவன் வாய் திறந்து சொல்வான்? மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஓடிவிடுகிறது. அதற்குள் கட்டி வயிற்றுக்குள் இருக்கும் நெறிகளுக்கும் நுரையீரலுக்கும் போயிருக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பும் இரண்டு கறவை மாடுகளும் வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. எனக்கு இந்த நோய் வந்தபோது வயது முப்பத்தொன்று. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, ரத்தப் பரிசோதனை செய்து, ஒரு பக்கத்து விரையை எடுத்துவிட்டார்கள். அடிவயிற்று ஓரத்தில் கீறித்தான் எடுப்பார்கள். அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒரு சுற்றாக மருந்து ஏற்றினார்கள். டாக்டர் குறைவில்லாமல் விளக்கினார். ஒரு விரை இருந்தாலே ஆண்மைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் போதும் என்றார். மருந்து ஏற்றுமுன் விந்தணுவைச் சேமித்து வைப்பது நல்லது என்றார். எல்லாம் காதில் விழுந்தது, மனத்தில் இறங்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொல்லும்போது அது பாடம். பட்டவன் சொல்லும்போதுதான் அது செய்தி.

பட்டவர் ஒருவர் தற்செயலாகக் கிடைத்தார். மறையூர் தாண்டி ஓர் எஸ்டேட் லயத்திலிருந்து, சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கிக் கோவைக்கு வந்தவர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கும் இதே நோய். அன்று வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்திருந்தார். என் கையில் இருந்த கோப்பைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "மூணாவது சுத்துல மோரு கூடத் தகரம் மாதிரி இருக்கும் தம்பி. பயந்துராதீங்க. ருசி திரும்பி வந்துரும்" என்றார். நான் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்ததற்கும் அவரே பதில் சொன்னார்: "ஒண்ணு போதும் தம்பி. எங்க சின்னவ அதுக்கப்புறம் பொறந்தவதான்." அவருடைய மனைவி என் மனைவியைத் தனியே அழைத்துப் போய் அரை மணி நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று இரவு என் மனைவி சாப்பிட்டாள். அதற்கு முந்தைய பத்து நாட்களாக அவள் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

வாசகர்களே, எனக்குக் கிடைத்த இந்தத் துணை தற்செயல். தற்செயலை நம்பி ஒரு சமுதாயம் இருக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவில் விரைப் புற்றுநோய் லட்சம் ஆண்களில் ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கேரளத்தில் ஆண்கள் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம். அப்படிப் பார்த்தால் மாநிலம் முழுவதும் சேர்த்து ஆண்டுக்கு நூற்றறுபது பேரைத் தாண்டாது. அதில் தமிழ் பேசுகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்? சர்க்கரை நோய்க்காரர் தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். இந்த நோய்க்காரர் பஞ்சாயத்துக்கு ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார். சித்தூரில் ஒருவர், மறையூரில் ஒருவர், வண்டிப்பெரியாற்றில் ஒருவர் என்று சிதறிக் கிடப்பார்கள். யாராவது இணைத்து வைத்தால்தான் ஒருவரை ஒருவர் அறிவார்கள்.

எல்லையில் வாழும் நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது நாம் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். அதன் பலனை ஆஸ்பத்திரி வாசலில் உணர்கிறோம். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தவர் கோவைக்குப் போகிறோம். குமுளிக்காரர் கம்பம், தேனி, மதுரை என்று இறங்குகிறார். மூணாறுக்காரர் கோட்டயத்துக்கோ, 1981 முதல் இயங்கும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போகிறார். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அந்த மாநிலக் குடும்ப அட்டை வேண்டும். நம் கையில் இருப்பதோ கேரள ரேஷன் கார்டு. எந்தக் காகிதத்தை எந்த வாசலில் நீட்ட வேண்டும் என்பதை, ஏற்கெனவே அந்த வாசலில் நின்றவன்தான் சொல்ல முடியும்.

மொழியும் அப்படித்தான். நமக்கு மலையாளம் தெரியும். கடையில் பேசுகிறோம், அலுவலகத்தில் பேசுகிறோம், நம் பிள்ளைகள் பரீட்சையே எழுதுகிறார்கள். ஆனால் "விருஷணம்" என்று மருத்துவமனையில் கேட்டுத் தலையாட்டுவது வேறு, "எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே" என்று சொல்வது வேறு. பயத்தைத் தாய்மொழியில்தான் சொல்ல வருகிறது.

இப்படி ஒருவருக்கு ஒருவர் துணையாவது புதுமையும் அல்ல. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட டெரீஸ் லாசர் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1952இலேயே அதே அறுவை செய்துகொண்ட மற்றப் பெண்களை ஆஸ்பத்திரிக்குத் தேடிச் சென்று பேசத் தொடங்கினார். மார்பகத்தைப் பற்றி வாய் திறக்கவே வெட்கப்பட்ட காலம் அது. நாம் வாழும் கேரளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் மற்றவர்களும் தொடங்கிய பாலியேட்டிவ் இயக்கம், அக்கம்பக்கத்துச் சாதாரண மக்களையே தொண்டர்களாக்கி வளர்ந்தது. 2008இல் மாநில அரசு அதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. இன்று பஞ்சாயத்து நர்ஸ் வீடு தேடி வருகிறார். அது படுத்துவிட்டவர்களுக்கான துணை. எழுந்து நடக்கப் போகிற இளைஞனுக்கான துணையைத்தான் நான் கேட்கிறேன்.

கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கை எல்லோருக்கும் தெரியும். 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகன். அவருக்கு வந்த கட்டி நெஞ்சுக்குள் இருந்தது என்றாலும், விரைப் புற்றுநோய் எந்த வகை உயிரணுவில் தோன்றுகிறதோ அதே வகை உயிரணுவில் தோன்றியது. 2012இல் அதே டாக்டர் ஐன்ஹார்னிடம் சிகிச்சை பெற்றார். அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் மீண்டும் இந்தியாவுக்காக மட்டை பிடித்தார். தன் நோயை மறைக்காமல் நாடறியச் சொன்னார். அவருக்கு நாடே துணை நின்றது. நம் லயத்துப் பையனுக்கு யார் நிற்பது?

"சங்கம் கலை, மொழி வளர்க்கத்தானே? நோயாளிகளைச் சேர்க்கவா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத் தொழிலாளப் பெண்கள், தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்து போனஸ் கேட்டு வாங்கினார்கள். "பெண்பிளை ஒருமை" என்ற பெயர் அப்போது நாடெங்கும் கேட்டது. நம் பெண்களுக்குச் சேர்ந்து பேசத் தெரிந்திருக்கிறது. நம் ஆண்கள் சேர்ந்தால் அரசியல் பேசுகிறோம், தேங்காய் விலை பேசுகிறோம். உடம்பைப் பற்றி மட்டும் ஒவ்வொருவரும் தனியாக இருக்கிறோம்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. ஒவ்வொரு கிளையிலும் நம்பிக்கையான ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பொறுப்பேற்கட்டும். நோயிலிருந்து மீண்டவர்கள் விரும்பினால் மட்டும் தங்கள் பெயரை அவர்களிடம் கொடுக்கட்டும். அந்தக் குறிப்பேடு வேறு யார் கைக்கும் போகக்கூடாது. புதிதாக நோய் கண்டவர் கேட்டால், ஏறத்தாழ அதே வயதுள்ள ஒருவரை அவரோடு பேச வைக்கட்டும். மனைவிக்கு மனைவி, தாய்க்குத் தாய். உடுமலை, கோவை, தேனிப் பக்கத்துத் தமிழர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். நோய்க்குச் செக்போஸ்ட் கிடையாது.

சில கட்டுப்பாடுகளும் வேண்டும். மருந்து சொல்லக்கூடாது, நாட்டு வைத்தியம் சிபாரிசு செய்யக்கூடாது, டாக்டர் சொன்னதை மாற்றிப் பேசக்கூடாது. ஒரே நோய் என்றாலும் ஒருவருக்கு அறுவையோடு முடியும், இன்னொருவருக்கு நான்கு சுற்று மருந்து வேண்டியிருக்கும். "எனக்கு ஆனது உனக்கும் ஆகும்" என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. நோய் கண்டவரின் பெயரைத் திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளுக்குக் கொண்டு போவது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம். இந்தத் திட்டத்தைக் கெடுக்கும் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கூடவே, வளர்ந்த பையன்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு டாக்டரை அழைத்துப் பேச வைக்கலாம். அவர் சொல்ல வேண்டியது நான்கு வரிதான். விரையில் கல் போல ஏதாவது தட்டுப்பட்டாலோ, ஒரு பக்கம் பெருத்தாலோ, கனத்தாலோ, வலி இல்லாவிட்டாலும் உடனே டாக்டரிடம் காட்டு. பிறந்தபோது விரை கீழே இறங்காமல் இருந்த பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயாக இருப்பதில்லை. ஒரு ஸ்கேனிலேயே பெரும்பாலும் விவரம் தெரிந்துவிடும். வெட்கப்பட்டு வீணாக்கும் மாதங்களைத் திரும்ப வாங்க முடியாது.

அடுத்த செயற்குழுவில் இதை ஒரு தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குறிப்பேட்டில் முதல் பெயராக என் பெயரையே எழுதிக்கொள்ளலாம். என் பெயரும் தொலைபேசி எண்ணும் ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். எந்த வீட்டிலாவது ஒரு பையன் சொல்லத் தெரியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், அவன் தாயோ தகப்பனோ தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். எந்த நேரமானாலும் பேசுவேன்.