கரிசல் பூமியில் பதம் பார்த்தல்

மழை விட்ட மறுநாளே யந்திரத்தை நிலத்தில் இறக்கிவிட வேண்டுமென்னும் அவசரம் கரிசற்காட்டுக் குடியானவர்களிடையே வர வர மிகுந்து காணப்படுகிறது. இதற்குக் காரணம் அறியாமையன்று. வாடகை யந்திரம் முறை வந்த நாளில்தான் கிடைக்கும். அன்று வேண்டாமென்றால் மறுமுறைக்கு எத்தனை நாள் காத்திருக்க நேருமோ என்னும் அச்சமேயாம். ஆயினும் இவ்வவசரத்தால் பூமிக்கு விளையும் கெடுதி அப்பருவத்தோடு தீர்வதன்று. அதைத் தடுக்கக் குடியானவர் மாத்திரமன்றி, யந்திரங்களை வாடகைக்கு விடுவோரும் தங்கள் ஒழுங்கை மாற்றிக்கொள்ள வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பகுதிகளிலுள்ள கரிசலின் குணத்தை அங்குள்ளோர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. அதிலுள்ள களி நீரையுண்டு பருக்கும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஈரம் மிகுந்த வேளையில் அதன்மேல் சக்கரமோ, கொழுவோ, மண் தள்ளும் தகடோ செல்லுமாயின், மண்ணிலுள்ள நுண்டுளைகள் மெழுகினாற்போல் அடைபட்டுப் போகின்றன. கலப்பை சென்ற அடியில் ஓர் இறுகிய தட்டு ஏற்படுகிறது. அதைக் கடந்து நீரும் எளிதில் இறங்காது, வேரும் இறங்காது. புரண்ட பாளங்கள் வெயிலில் செங்கற்போல் இறுகும். மிகக் காய்ந்த நிலத்தை உழுதாலும் பெருங்கட்டிகள் கிளம்புமே எனின், கிளம்பும், கொழுவும் தேயும், செலவும் கூடும். ஆனால் அக்கட்டிகள் நனைந்தும் காய்ந்தும் பெரும்பாலும் தாமே உதிர்ந்துவிடும். ஆகவே இவ்விரண்டு பிழைகளுள் ஈரத்தில் உழுவதே பெரிது.

மாடு கட்டி உழுத காலத்தில் இப்பிழை இவ்வளவு நேர இடமில்லை. குளம்பு புதைந்தால் மாடு தயங்கும். கலப்பையில் மண் அப்பினால் பிடித்தவன் கை அதை உடனே அறியும். யந்திரமோ தன் பலத்தினால் அவ்வெச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. செல்ல முடிகிறது என்பதையே செல்லத் தக்கது என்பதற்கு அடையாளமாகக் கொள்கிறோம்.

பதம் அறிவதற்கு மேல்மண்ணைக் காலால் தேய்த்துப் பார்ப்பது போதாது. மேலே ஓரங்குலம் வெளுத்து உலர்ந்திருக்கையில், ஒரு சாண் கீழே மண் மெழுகுபோல் இருக்கக் காண்போம். எவ்வளவு ஆழம் வேலை நடக்கப் போகிறதோ அவ்வளவு ஆழம் மண்வெட்டியால் வெட்டி, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தல் வேண்டும். அதிற் சிறிது பிசைந்து உள்ளங்கையில் திரியாக உருட்டுக. சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள திரியாக முறியாமல் நீளுமாயின் பதம் வரவில்லை. அக்கனத்தை எட்டுமுன்னே வெடித்து உதிருமாயின் தாராளமாக இறங்கலாம். சுவீடன் தேசத்து ஆட்டர்பர்க் என்பவர் 1911-ஆம் ஆண்டில் வகுத்த குழைவெல்லையை எஞ்சினீயர்கள் இன்றும் இவ்வாறே திரி உருட்டி அளக்கின்றனர். சாலைக்கும் கட்டடத்துக்கும் செய்யும் இச்சோதனையை விளைநிலத்துக்குச் செய்ய நாம் சோம்புவது விந்தையே. மேட்டில் மட்டும் பார்த்துத் திருப்தியடையலாகாது; நிலத்தின் பள்ளமான மூலையே கடைசியில் பதத்துக்கு வருவதாதலின், அங்கும் ஒரு குழி வெட்டிப் பார்க்க.

மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பும் வேலைக்கு இன்னும் கவனம் வேண்டும். ஈரமண்ணைத் தள்ளி நிரப்பினால் அது பாளம் பாளமாக விழுந்து, பிறகு ஏற்றத்தாழ்வாக அமரும். மறுமழையில் அவ்விடத்திலேயே நீர் தேங்கும். ஆழமாக வெட்டினாலோ அடியிலுள்ள சுக்கான் மேலேறி, நல்ல மண் புதைந்துபோகும். கரிசலை முற்றிலும் தட்டையாக்க வேண்டுவதுமில்லை. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972-இல் நிறுவப்பெற்ற சர்வதேசப் பயிராராய்ச்சி நிலையத்தார், இத்தகைய கருமண்ணில் அகலப் பாத்தியும் சாலும் அமைத்து, மிகை நீர் மெல்ல வடிய 100 அடிக்குச் சுமார் 5 முதல் 10 அங்குலம் வாட்டம் விடும் முறையைப் பரப்பியுள்ளனர். இவ்வேலைக்கு ஏற்ற காலம் கோடை மழை பெய்து ஓய்ந்த சித்திரை, வைகாசி மாதங்களே. ஐப்பசி அடைமழையில் பதம் சில நாளே நிற்கும். சில வருஷங்களில் வராமலே போவதுமுண்டு.

இனி வாடகை ஒழுங்கைப் பற்றி. பதிவு செய்த வரிசைப்படியே யந்திரம் அனுப்புவது பார்வைக்கு நியாயமாகத் தோன்றினும், மண்ணின் பேதத்தை அது கருதவில்லை. ஒரே மழைக்குப் பின் செவல் நிலம் முந்திப் பதத்துக்கு வரும். கரிசல் பிந்தி வரும். ஆதலின் ஒவ்வொரு பிர்காவிலும் முதலில் செவலுக்கும், பிறகு கரிசலுக்குமாக யந்திரங்களை அனுப்பலாம். திரி முறியாத நிலத்துக்கு வந்த ஓட்டுநர் வேலை செய்யாமல் திரும்புவாராயின், அக்குடியானவருக்கு முறை தவறிற்றென்று கொள்ளாமல், பதம் வந்தவுடன் அதே பதிவின்பேரில் மீண்டும் வர ஏற்பாடு இருத்தல் வேண்டும். அவ்வாறு வீணாகும் போக்குவரத்துச் செலவில் ஒரு பாகத்தை இலாகா ஏற்பதும் நியாயமே.