பொறியியலும் பர்ளு கிஃபாயாவும்

நம் இல்லங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியதும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: "எந்த இன்ஜினீயரிங் கல்லூரி?" அவனுக்கு எதில் நாட்டம், அவன் கற்பது யாருக்குப் பயன்படும் என்று கேட்பார் அரியர்.

1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியதே பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாயிற்று. நிலமளக்க ஆள் தேவைப்பட்டது, பள்ளி பிறந்தது. 1984க்குப் பின் சுயநிதிக் கல்லூரிகள் பெருகவே, வரிசை தலைகீழாயிற்று. இடம் கிடைக்கிறது, சேர்க்கிறோம். சேர்த்தபின் தேவையைத் தேடுகிறோம். அதே 1984இல் வண்டலூரில் கிரசென்ட் கல்லூரியை நம்மவர் நிறுவியது நற்செயலே. கதவைத் திறந்தவர்மீதன்று என் வழக்கு. எண்ணாமல் நுழைவிப்போர் மீதே.

"இது உலகக் கல்விதானே, மார்க்கம் இதில் தலையிடுவானேன்?" என்பாரும் உளர். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள், தம் இஹ்யாவில் மருத்துவத்தையும் கணிதத்தையும் மட்டுமன்றி, உழவு, நெசவு முதலான தொழில்களையும் பர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். ஒருவருமே செய்யாதொழிந்தால் ஊர் முழுதும் குற்றத்திற்குள்ளாகும் கடமை அது. முஸ்லிம் மருத்துவர் இல்லாத ஊர்கள் பல இருக்க, எல்லாரும் ஃபிக்ஹுக் கல்வியிலேயே குவிவதையும் இமாமவர்கள் இடித்துரைத்தார்கள். பதவியும் வக்ஃபு நிர்வாகமும் அதில் கிட்டின என்பதே காரணம். அன்று ஃபிக்ஹு, இன்று இன்ஜினீயரிங்; நோக்கம் மாறியதா?

பழனி மலையிலுள்ள பாச்சலூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர், கட்டடப் பொறியியல் இறுதியாண்டினர், அண்மையில் என்னிடம் கூறினார்: "ஹஜ்ரத், வந்த கம்பெனிகளெல்லாம் கணினி வேலைக்கே அழைக்கின்றன. சம்பளம் உண்டு. ஆனால் நான்காண்டு கற்றது எதற்கு?"

அந்தத் தம்பிக்கு அவருடைய மலையே விடை சொல்லும். மழையில் மண் சரியாதபடி மலைப்பாதையைக் காக்க வேண்டும். சரிவில் ஓடும் நீரைக் கோடைக்குத் தேக்க வேண்டும். பறித்த காப்பிப் பழத்தைத் தோல் நீக்கி, மூட்டம் சூழ்ந்த நாளிலும் உலர்த்த வழி காண வேண்டும். இவையனைத்தும் பொறியாளன் பணியல்லவா?

நாமோ அந்தப் பட்டத்தைக் கைக்கூலியின் அளவுகோலாக்கினோம்! மஹர் கொடுத்து மணக்க வேண்டியவன், பட்டத்தைக் காட்டிப் பணம் பெறுகிறான். அப்பட்டத்திற்காகத் தகப்பனார் வட்டிக் கடனில் விழுந்திருப்பார். ஹராமில் தொடங்கி அநீதியில் முடியும் இக்கல்வியில் பரக்கத் எங்கிருந்து வரும்?

"ஹலாலான சம்பாத்தியம் தேட வேண்டாமா?" எனலாம். தேடத்தான் வேண்டும். கணினி வேலையும் ஹலாலே. எல்லாரும் மலைக்குத் திரும்புக என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் போகும் திசையே ரிஸ்கின் திசை என்று நம்புவது, ரிஸ்கை அளிப்பவனை மறப்பதாகும்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த சேர்க்கைக்கு முன் பிள்ளையை அருகில் அமர்த்தி, அவன் நாட்டத்தைக் கேளுங்கள். மின்பணி கற்க விரும்புபவனை ஐ.டி.ஐ.க்கு அனுப்ப நாணாதீர்கள். உழவு கற்பவனுக்கும் ஆசிரியனுக்கும் மனமுவந்து பெண் கொடுங்கள். ஜமாஅத்துகளே, வட்டியில்லாக் கல்விக் கடனுக்கு வழி செய்யுங்கள். இவற்றைச் செய்யாமல் பிள்ளைகளுக்கு வேலையில்லையே என்று புலம்புவதில் நியாயமில்லை.