கடன் சீட்டு எழுதப்படாத கடன்

களுதாவளையின் வெற்றிலைத் தோட்டங்களை அறியாதார் மட்டக்களப்பு நாட்டில் இலர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில், கிணற்று நீரை இறைத்து, நிழலமைத்து, கொழுகொம்பு நாட்டி, நாள்தோறும் பேணினாலன்றிக் கொடி தழைப்பதில்லை. அவ்வாறு உழைத்தோரின் மக்கள் பலர் இன்று பட்டம் பெற்று உயர் பதவிகளில் அமர்ந்துள்ளனர். அவர்களைப் பட்டதாரிகளாக்கியது எவருடைய பணம்? இவ்வினாவை எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது.

இலவசக் கல்வி என்று கூறிப் பெருமை கொள்கிறோம். பெருமைக்குரியதுதான். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த அத்திட்டம் ஏழை மாணவருக்கும் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தது. ஆயினும், இலவசம் என்பது கற்பவருக்கேயன்றி நாட்டுக்கன்று. ஒருவர் கட்டணம் செலுத்தவில்லையெனின், அவர் பொருட்டு மற்றொருவர் செலுத்தினார் என்பதே பொருள். அந்த மற்றொருவர் யார்? சவர்க்காரம் வாங்கும்போதும் வரி செலுத்தும் எளிய மனிதரே! பெறுமதி சேர் வரி 2024 சனவரியில் நூற்றுக்குப் பதினெட்டாக உயர்ந்தது. பல்கலைக்கழக வாயிலையே மிதித்திராத படுவான்கரை உழவரும், எழுவான்கரைத் தோட்டக்காரரும் அச்சுமையைத் தாங்குகின்றனர். அவர்கள் எவரிடமும் கடன் சீட்டு எழுதி வாங்கவில்லை. வாங்காததனால் கடன் இல்லையென்றாகிவிடுமா?

நம் பகுதியின் உயர்கல்வி வரலாறே கொடையில் தொடங்கியது. 1981 ஆகஸ்ட் முதலாம் நாள் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியபோது, அதற்கு இடமளித்தது வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம். அக்கல்லூரியே 1986 அக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஒரு பாடசாலை தன் வளவை ஈந்தது. ஒரு மாகாணம் பல்கலைக்கழகம் பெற்றது.

1990இல் போர் மூண்டபோது, உயிரஞ்சி ஓடிவந்த மக்களுக்கு அப்பல்கலைக்கழக வளவே புகலிடமாயிற்று. அங்கிருந்து செப்டம்பர் 5ஆம் நாள் கொண்டு செல்லப்பட்ட 158 பேர் இன்றுவரை திரும்பவில்லை. இத்துணைத் துயரையும் தாங்கி மீண்டெழுந்த நிலையம், அதன் மாணவருக்கு வெறும் பட்டச் சான்றிதழ் வழங்கும் காரியாலயமா? அன்று; மக்களோடு சேர்ந்து அழுத வீடு அது.

கடல் கடந்தும் சற்று நோக்குவோம். அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க அறுபது இலட்சம் டொலர் தேவைப்பட்டது. உலகத் தமிழர் வாரி வழங்கினர். தமிழ்நாட்டரசும் பத்துக் கோடி ரூபாய் அளித்தது. 2018இல் அத்தொகை நிறைவெய்தியது. கொடுத்தோருட் பெரும்பாலோர் ஹாவார்ட் மண்டபத்தில் ஒருநாளேனும் அமர்ந்து கற்றவரல்லர். கல்லாத இடத்துக்கு மொழிப்பற்றினால் ஈந்த தமிழினம், கற்ற இடத்துக்கு நன்றியினால் ஈயாதிருத்தல் தகுமோ?

“பல்கலைக்கழகத்தைப் பேணுவது அரசின் கடமை; நாம் ஏன் கொடுக்க வேண்டும்?” என வினவுவாருளர். அரசின் கடமையை நாம் மறுக்கவில்லை. மக்கள் வரிப்பணத்தில் நமக்குரிய பங்கை உரத்த குரலில் கேட்டே தீர வேண்டும். ஆனால், நாம் கேட்டுக்கொண்டிருக்கும் காலத்தில், வாடகைக்கும் உணவுக்கும் வழியின்றித் தவிக்கும் மாணவி காத்திருக்க முடியாது. உரிமையைக் கோருவதும் கடனைத் தீர்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தன் பங்கைச் செலுத்தியவரின் குரலுக்கே அரச மன்றில் வலிமை மிகுதி.

எதைக் கொடுப்பது? பெயர் பொறித்த கல்லும் வரவேற்பு வளைவும் வேண்டா. ஓர் ஏழை மாணவரின் மாதச் செலவு, நூலகத்துக்கு ஒரு நூல், ஆய்வுகூடத்துக்கு ஒரு கருவி, இவை போதும். வெளிநாட்டு மருத்துவர் ஆயிரம் டொலர் அனுப்பலாம். உள்ளூர் ஆசிரியர் ஆயிரம் ரூபாய் தரலாம். இரண்டும் ஒரே ஏட்டில் பதியப்பட வேண்டும். வரவும் செலவும் ஆண்டுதோறும் பகிரங்கமாக்கப்பட வேண்டும். கணக்கு மறைந்தால் கொடையும் மறையும்.

பணத்தினும் மேலான கொடை ஒன்றுண்டு. விவசாய பீடத்திற் கற்றோர் ஆண்டிற் சில நாளேனும் களுதாவளைத் தோட்டத்துக்கு வரட்டும். வெற்றிலைக் கொடி அழுகுவதேன், கிணற்று நீர் உவர்ப்பதேன் என உழவர் கேட்கும் வினாக்களைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்லட்டும், விடையோடு திரும்பட்டும். 2021இல் இரசாயன உரத்துக்குத் திடீரெனத் தடை விழுந்தபோது உழவர் பட்ட அவதியை நாடறியும். அறிவு வயலுக்கு வராத நாட்டில் ஆணை மட்டுமே வயலுக்கு வரும்.

பட்டதாரிகளே! உங்களுக்காக வரி செலுத்தியவர் இன்றும் கொடிக்கு நீர் வார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் உங்களிடம் எதுவும் கேட்கமாட்டார். அவர் கேளாதிருக்கும்போதே கொடுத்துவிடுவதுதான் கற்றோர்க்கு அழகு.