கத்தி பட்டால் பரவுமா?

குழந்தையின் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்ன அன்று மாலையே உறவுகள் கூடிவிடுகின்றன. "கத்தி பட்டாப் பரவிடும்" என்கிறார் பெரியப்பா. "புதுசா ஏதோ வாயு வந்திருக்காம். புற்றுநோயை மட்டும் அழிக்குமாம், கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதாம். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே" என்று சித்தப்பா கைப்பேசியை நீட்டுகிறார். அறுவை ஆபத்தானது, அறுக்காத வைத்தியம் வரும்வரை காத்திருப்பது பாதுகாப்பானது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. அது தவறு. பச்சைக் குழந்தைகளின் உயிரைக் குடிக்கிற தவறு.

சித்தப்பா காட்டும் செய்தியில் இருப்பது குளிர் பிளாஸ்மா. அது புரளி இல்லை, மெய்யான அறிவியல்தான். ஆர்கான் அல்லது ஹீலியம் வாயுவை வலுவான மின்புலத்தின் வழியே செலுத்தினால் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து வாயு ஒளிரும். ஆனால் தோலைச் சுடாது. அது காற்றோடு கலக்கும்போது பிறக்கும் ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்மங்கள் செல்களைத் தாக்குகின்றன. ஜெர்மனியில் ஆறாத புண்களுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். கண் மெலனோமா என்ற புற்றுநோயின் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து இதைப் பாய்ச்சியபோது அவை மடிந்திருக்கின்றன.

அந்த "ஆய்வகத்தில்" என்ற இடத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் படித்துவிடுகிறார்கள். ஆய்வகத் தட்டில் செல்கள் மெல்லிய ஓர் அடுக்காகப் படிந்திருக்கும். அங்கே அவற்றைக் கொல்லப் பல பொருள்களால் முடியும். வீட்டில் தரை கழுவும் பிளீச்சிங் பவுடராலும் முடியும். நிஜக் கட்டி பல மில்லிமீட்டர் தடிமனில் கண்ணுக்குள் இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் கண் புற்றுநோயான ரெட்டினோபிளாஸ்டோமா விழித்திரையில் முளைக்கிறது. பெரியவர்களின் மெலனோமா பெரும்பாலும் அதற்குப் பின்னாலுள்ள ரத்தநாளப் படலத்தில். பிளாஸ்மாவில் பிறக்கும் சேர்மங்களில் சில, நொடியின் கோடியில் ஒரு பங்குகூட நிலைப்பதில்லை. வெள்ளை விழிச்சுவரைத் தாண்டி அவை எப்படிப் போகும்? நீடித்து நிற்கும் சேர்மங்கள் உள்ளே போனாலும், ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளராத விழித்திரையை என்ன செய்யும்? சிகிச்சை என்ற பெயருக்கு முன்னால் இந்தக் கேள்விகள் நிற்கின்றன.

இன்னொன்றையும் அந்தச் செய்திகள் சொல்வதில்லை. குளிர் பிளாஸ்மாவைப் புற்றுநோயாளிகளிடம் சோதிக்க அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019இல் ஒரு முதற்கட்ட ஆய்வுக்கு அனுமதி தந்தது. 20 பேர். கண் நோயாளிகள் அல்லர். உடலின் வேறு பகுதிகளில் முற்றிய கட்டி உள்ளவர்கள். பிளாஸ்மா செலுத்தப்பட்டது அறுவை அரங்கில். கட்டியை வெட்டி எடுத்தபின் அந்த விளிம்பில் எஞ்சியிருக்கக்கூடிய செல்களின்மீது. கத்திக்கு மாற்று என்று நம் வீடுகளில் பேசப்படுவது, அங்கே கத்திக்குத் துணையாகத்தான் வந்தது.

சரி, பெரியப்பாவின் பயத்துக்கு வருவோம். அதை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. பெரிய நிபுணர்களுக்கே அந்தப் பயம் இருந்தது. கண்ணை எடுக்கும் அறுவையே மெலனோமாவைப் பரப்புகிறதோ என்று 1978இல் அமெரிக்காவின் சிம்மர்மனும் அவருடைய சகாக்களும் கேட்டார்கள். மருத்துவ உலகம் அந்தக் கேள்வியை மெய்யாகவே சோதித்தது. 1987 முதல் 1998 வரை நடுத்தர அளவு கட்டி கொண்ட 1,317 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குக் கண்ணை எடுத்தார்கள்; மறுபாதிக்கு அயோடின்-125 கதிரியக்கத் தகட்டைக் கண்ணின்மேல் தைத்து வைத்தார்கள். 5 ஆண்டு முடிவில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 19 சதவீதம், இரண்டாவதில் 18 சதவீதம். 12 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கத்தி பட்டதால் சாவு கூடியதாகத் தெரியவில்லை. அந்தத் தகடு சிகிச்சையாக நிலைபெற்றதும் இப்படித்தான்: ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள், ஆண்டுக்கணக்கான பின்தொடர்தல். குளிர் பிளாஸ்மா கண்ணில் இந்தப் படிகளில் இன்னும் ஏறவில்லை.

குழந்தைகளின் ரெட்டினோபிளாஸ்டோமாவில் ஊசி குத்திச் சதையெடுத்துப் பரிசோதிப்பதை மருத்துவர்கள் தவிர்ப்பது உண்மை. துளை வழியே செல்கள் வெளியேறலாம். கட்டி நிறைந்த கண்ணை உடைக்காமல் முழுசாக எடுப்பது அதே காரணத்துக்காகத்தான். விட்டுவைத்தால் நோய் பார்வை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குப் போகும். கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது நல்ல சிகிச்சை கிடைத்தால் 100 குழந்தைகளில் 95க்கு மேல் பிழைக்கின்றன.

153 நாடுகளில் ரெட்டினோபிளாஸ்டோமா வந்த 4,351 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டிய ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. பணக்கார நாடுகளில் நோய் கண்டறியப்பட்ட இடைநிலை வயது 14 மாதம். ஏழை நாடுகளில் 30 மாதம். கண்டறியும்போதே உடலின் பிற பகுதிகளுக்குப் பரவியிருந்தது பணக்கார நாடுகளில் 0.3 சதவீதக் குழந்தைகளுக்கு, ஏழை நாடுகளில் 18.9 சதவீதத்துக்கு. இடையிலுள்ள அந்த 16 மாதத்தில் எந்தக் கத்தியும் அந்தக் குழந்தைகளைத் தொடவில்லை.

ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால், புதிதாக மாறுகண் தெரிந்தால், அந்த வாரமே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீக்கிரம் போனால் கீமோ, லேசர், உறையவைக்கும் சிகிச்சை, கதிரியக்கத் தகடு என்று கண்ணையே காப்பாற்ற வழிகள் உண்டு. கண்ணை எடுத்தே தீர வேண்டும் என்று சொன்னால் இன்னொரு நிபுணரிடம் கேட்பது பெற்றோரின் உரிமை. அதை இரண்டு மூன்று நாளில் கேட்டு முடிக்க வேண்டும். அடுத்த செய்தி வரட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளக் கூடாது.