கூரை போட்டாயிற்று, இருபத்து நான்கு வருடங்கள் எங்கே?

அண்மையில் கொழும்பு ரயிலுக்காக யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. மேடைக் கூரையின் கீழ் எல்லோரும் நெருங்கி நின்றோம். பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் தன் பேரனிடம், “முந்தி இதில கூரையே இல்லையடா, வெறும் சுவர்தான் நிண்டது” என்றார். பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். “ஏன் அப்பப்பா, புயல் அடிச்சதோ?” என்று கேட்டான்.

அவர் பதில் சொல்லவில்லை. ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பையனைக் குறை சொல்ல முடியாது. நிலையத்துக்குள் வருகிற ஒருவருக்கு 1990இலிருந்து 2014வரை இங்கே என்ன இருந்தது என்பது தானாகத் தெரியவராது. பழைய படங்களோடு ஒப்பிட்டால் முகப்பில் பழைய சாயல் தெரியும். சாயல் சரி, இடையில் போன காலம்?

நான் பிறந்தது 1990இல். அந்த வருடம் ஜூன் மாதத்தோடு வடக்குக்கான ரயில் நின்றது. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் 1902இல் ஓடத் தொடங்கி, 1905இல் கொழும்போடு இணைந்த பாதை. 1956இல் யாழ்தேவி வந்தது. கொழும்பில் அரச உத்தியோகம் பார்த்தவர்கள் விடுமுறைக்கு ஊர் வந்ததும், வெங்காயமும் புகையிலையும் தெற்குக்குப் போனதும் இந்தக் கோச்சியில்தான். இவையெல்லாம் எனக்குக் கேள்வி ஞானம் மட்டுமே. 2002 சமாதான காலத்தில், பன்னிரண்டு வயதில், அம்மம்மா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். தண்டவாளம் இருந்த இடத்தில் புல். மேலே வானம். அம்மம்மா உடைந்த மேடையின் விளிம்பில் இருந்து, எந்த இடத்தில் எந்தப் பெட்டி வந்து நிற்கும் என்று கையால் காட்டினார். நான் அதுவரை ரயிலையே கண்டதில்லை.

குண்டும் ஷெல்லும் செய்தது பாதி. மீதியை மழையும் வெயிலும் ஆளில்லாத காலமும் செய்தன. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. அதில் இரு தரப்பும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஒரு ரயில் பாதை முழுவதுமாக மண்ணுக்குள் இறங்கிச் சனங்களின் தலைக்கு மேல் கூரையானது என்றும் சொல்லலாம்.

போர் முடிந்தபின் இந்தியக் கடனுதவியில் இர்கோன் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. யாழ்ப்பாண நிலையத்தை அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ திறந்துவைத்து மூன்று மாதம் ஆவதற்குள் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. திறப்பு விழாவின் அவசரத்துக்கும் தேர்தலுக்கும் உள்ள தொடர்பை நான் விளக்க வேண்டியதில்லை. ரயில் வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். பேருந்தில் இடுப்பு முறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். என் கேள்வி வேறு: அந்தச் சுவரில் ஒரு முழம்கூட ஏன் அப்படியே விடப்படவில்லை?

இடிபாட்டை வைத்திருக்கும் வழக்கம் இந்த அரசுக்குத் தெரியாதது அல்ல. கிளிநொச்சியில் சாய்ந்து விழுந்த தண்ணீர்த் தாங்கியை இராணுவம் பத்திரமாக வைத்திருந்தது. பக்கத்தில் பலகை நட்டு, தெற்கிலிருந்து பஸ்களில் வந்தவர்களுக்குக் காட்டியது. அதை உடைத்தவர்கள் புலிகள் என்பதே அங்கே சொல்லப்பட்ட கதை. ஆக, எந்த இடிபாடு நினைவுச்சின்னம், எந்த இடிபாடு குப்பை என்பதை முடிவெடுத்தது அதை உடைத்தவர் யார் என்ற கேள்விதான்.

யாழ் நூலகத்திலும் இதே விவாதம் நடந்தது. 1981இல் எரிந்த கட்டடத்தைச் சாட்சியாக விட்டுவைப்பதா, திருத்துவதா? 1990களின் இறுதியில் புத்தகமும் செங்கல்லும் சேர்க்கும் இயக்கத்தை அரசு நடத்தியது. வெள்ளை பூசிய நூலகம் எழுந்தது. எரிந்ததன் அடையாளத்தைத் தேடிப் போகிறவருக்கு ஏமாற்றம்தான்.

பிற நாடுகளில் இதை எப்படிச் செய்தார்கள் என்று வாசித்துப் பார்த்தேன். லண்டன் சென் பங்க்ரஸ் நிலையத்தின் கூரை 1868இல் போடப்பட்டது. தூணே இல்லாமல் 240 அடி அகலம். பக்கத்திலிருந்த யூஸ்ரன் நிலைய வளைவை 1960களின் தொடக்கத்தில் இடித்தபோது ஊரே கொதித்தது. அந்தக் கோபம்தான் 1967இல் சென் பங்க்ரஸுக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கிக் கொடுத்தது. 2007இல் திரும்பத் திறப்பதற்கு முன் இரும்பு வளைவுகளின் பழைய நிறத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதே வான நீலத்தைப் பூசினார்கள். பெர்லினில் நேர் மாறு. குண்டுவீச்சில் கூரை போன அன்ஹால்ற்றர் நிலையத்தைப் பிறகு இடித்தார்கள், முகப்பில் ஒரு துண்டை மட்டும் விட்டார்கள். யூதர்கள் நாடு கடத்தப்பட்ட நிலையங்களில் அதுவும் ஒன்று என்பதைச் சொல்லும் பலகை அங்கே நிற்கிறது. இரண்டு வழியிலும் யாரோ இருந்து யோசித்திருக்கிறார்கள்.

எங்கள் சட்டத்தில் என்ன இருக்கிறது? தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை மட்டுமே அதில் தானாகவே தொல்பொருளாகும். கண்டி இராச்சியம் வீழ்ந்த நாளைக் கோடாக வைத்திருக்கிறார்கள். இலங்கையில் ரயில் ஓடத் தொடங்கியது 1864இல். எனவே எந்த ரயில் நிலையமும் அந்தக் கோட்டுக்கு வெளியேதான். தனியாக அறிவித்தல் செய்தால்தான் பாதுகாப்பு. அதைக் கேட்டுத் தொல்பொருள் திணைக்களத்திடம் போக எங்களில் எத்தனை பேருக்கு மனம் வரும்? குருந்தூர்மலையையும் வெடுக்குநாறிமலையையும் பார்த்தவர்களுக்கு அந்தத் திணைக்களத்தின் பலகை ஊருக்குள் வந்தாலே வயிற்றைக் கலக்கும். காக்க வேண்டிய கை மேலேயே நம்பிக்கை இல்லாதபோது, காக்கச் சொல்லி யாரிடம் கேட்பது?

இன்னொரு வாசல் உண்டு. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை எனப் பாராளுமன்றம் அறிவிக்காத வரலாற்றுச் சின்னங்கள் 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைக்கு உரியவை. ரயில்வே கொழும்புக்குச் சொந்தம் என்று உடனே பதில் வரும், அதோடு வாதாட வேண்டியும் இருக்கும். ஆனால் வாதாட ஒரு சபை வேண்டுமே. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. நினைவைப் பற்றி மேடைகளில் நீட்டி முழக்கும் எங்கள் கட்சிகள், சபை இருந்த ஐந்து வருடத்தில் இதற்கென ஒரு நியதிச்சட்டம் கொண்டுவந்திருக்கலாம்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. நாடு முழுவதும் நிலையங்களைப் புதுப்பிக்கும் திட்டத்தை அரசு தனியார் பங்களிப்போடு தொடங்கியிருக்கிறது. மருதானை போன்ற நூற்றாண்டு கடந்த நிலையங்களின் பெயரும் அதில் அடிபடுகிறது. பழைய கூரையில் கை வைத்தால் என்ன நடக்கும் என்பது கட்டட வேலை செய்பவர்களுக்குத் தெரியும். பீலி அடைத்து, தண்ணீர் தேங்கி, துரு மூட்டுக்குள் இறங்கியிருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, இலக்கமிட்டு, சுரண்டிப் பார்த்துத் திருத்துவது மெதுவான வேலை. எல்லாவற்றையும் வெட்டி இரும்புக் கடைக்கு ஏற்றிவிட்டுப் புதுச் சீற் அடிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். ஒப்பந்தக்காரர் எதைத் தெரிவு செய்வார் என்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வடக்கில் காப்பாற்றப் பழைய கூரை அதிகம் மிஞ்சவில்லை. மிஞ்சியது படங்களும் ஆட்களும். 1990க்கு முன் இந்தப் பாதையில் வேலை செய்த நிலைய அதிபர்கள், சிக்னல்காரர்கள், போட்டர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். இடிந்த நிலையத்தைப் படமெடுத்தவர்கள் பலர், அவற்றில் கொஞ்சம் வெளிநாட்டு வீடுகளின் அல்பங்களில் கிடக்கின்றன. அந்தப் படங்களில் பத்தைப் பெரிதாக்கி, மூன்று மொழியில் வருடத்தையும் நடந்ததையும் எழுதி, யாழ்ப்பாண நிலையத்தின் காத்திருப்பு மண்டபத்தில் மாட்டுவதற்கு அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை. ஓர் அனுமதிக் கடிதம் போதும். அந்தக் கடிதத்துக்காக நான் ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினேன். இன்னும் பதில் இல்லை. மூன்றாவது கடிதத்தோடு அம்மம்மாவின் அல்பத்திலிருந்து ஒரு படத்தின் பிரதியையும் இணைக்கப்போகிறேன்: 1970களில் எடுத்தது, மேடையில் பெட்டி படுக்கையோடு நிற்கும் ஒரு குடும்பம், தலைக்கு மேல் முழுக் கூரை.