பத்தில் ஒன்று: டெக்கத்லானும் ‘நினைத்திருந்தால்’ என்ற வாதமும்

குழு விளையாட்டுகளின் முன்னணித் தொழில்முறை வீரர் ஒருவர் மனம் வைத்திருந்தால் உலகத்தரமான டெக்கத்லான் வீரருக்கு ஈடாகியிருப்பார் என்னும் கூற்று, கற்றவர் கூடும் இடங்களிலும் ஐயமின்றிச் சொல்லப்படுகிறது. கிரிக்கெட் வீரரின் உடற்தகுதியும் கால்பந்து வீரரின் வேகமும் கபடி வீரரின் வலுவும் அதற்குச் சான்றாக நிறுத்தப்படுகின்றன. இக்கூற்று பிழையானது. அப்பிழைக்கு ஒரு விலையும் உண்டு. அதைக் கொடுப்பவர்கள் இக்கூற்றைச் சொல்பவர்கள் அல்லர்.

முதலில் சொல்லைப் பார்க்க வேண்டும். ‘ஈடு’ என்பது ஓர் அளவுகோலை வேண்டி நிற்கும் சொல். யாருக்கு ஈடு என்பதை நான்காம் வேற்றுமை சொல்லிவிடுகிறது. எதில் ஈடு என்பதை வாக்கியம் சொல்லாமல் விட்டாலும் இலக்கணம் தடுப்பதில்லை. இந்த விவாதம் முழுவதும் அந்த விடுபட்ட இடத்தில்தான் நடக்கிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் ‘அத்லெட்’ என்றால் எந்த விளையாட்டை ஆடுபவரும் அடங்குவர். இந்திய ஆங்கிலத்திலோ அச்சொல் பெரும்பாலும் தடகளத்தாரையே குறிக்கும். தமிழில் ‘வீரர்’ என்ற ஒரே சொல் எல்லையில் நிற்பவரையும், மட்டை பிடிப்பவரையும், ஈட்டி எறிபவரையும் ஒருசேரக் குறிக்கிறது. அமெரிக்காவில் பிறந்த கேள்வி தமிழுக்கு வரும்போது இந்த மூன்று வழக்குகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ‘சிறந்த வீரர்’ என்ற தொடர், எதில் சிறந்தவர் என்ற கேள்வியை எழுப்பாமலே நகர்ந்துவிடுகிறது. (நம்மவரில் பெரும்பாலோர்க்கு டெக்கத்லான் என்பது நெடுஞ்சாலையோரக் கடையின் பெயர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

டெக்கத்லானில் அளவுகோல் மறைந்திருப்பதில்லை. இரண்டு நாள்கள், பத்துப் போட்டிகள். முதல் நாள் 100 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 400 மீட்டர் ஓட்டம். மறுநாள் 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம், வட்டு எறிதல், கோலூன்றித் தாண்டுதல், ஈட்டி எறிதல், 1500 மீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றின் நேரத்துக்கும் தொலைவுக்கும் உயரத்துக்கும் உலகமெங்கும் பொதுவான அட்டவணைப்படி புள்ளிகள் உண்டு. ஆகவே இங்கே ‘ஈடு’ என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, கூட்டிப் பார்க்கலாம்.

கூட்டிப் பார்ப்பதற்கு உரிய ஆள் தமிழரிடையே இருக்கிறார். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்தவர் தேஜஸ்வின் சங்கர். பள்ளியில் அவர் வேகப்பந்து வீச்சாளர். எட்டாம் வகுப்பையொட்டிய பருவத்தில் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பினார். 2016இல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய இளையோர் போட்டியில் 2.26 மீட்டர் தாண்டித் தேசிய சாதனையை முறியடித்தார். 2018இல் அதை 2.29 ஆக உயர்த்தினார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். அடுத்த ஆண்டு, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் டெக்கத்லானில் 7666 புள்ளிகள். வெள்ளிப் பதக்கமும் தேசிய சாதனையும். ஆசியப் போட்டிகளில் இந்தியா டெக்கத்லான் பதக்கம் பெற்றது 1974க்குப் பின் அதுவே முதல்முறை.

‘கிரிக்கெட் ஆடியவர்தானே, ஆக முடியும் என்பதற்கு இவரே சான்று’ என்பர் எதிர்த்தரப்பினர். அவர் மாறியது பதின்பருவத்தின் தொடக்கத்தில். தொழில்முறை வீரராகி, இருபத்தேழாம் வயதில் மனம் மாறி வந்தவர் அல்லர். இதைவிட முக்கியமானது அவருடைய புள்ளிப் பட்டியல். உயரம் தாண்டுதலில் 2.21 மீட்டர், 1002 புள்ளிகள். அதில் அவர் உலகத்தரம். நீளம் தாண்டுதலில் 7.37 மீட்டர், 903. கோலூன்றித் தாண்டுதலில் 4.10 மீட்டர், 645. ஈட்டி எறிதலில் 51.17 மீட்டர், 606. காமன்வெல்த் பதக்கம் பெற்ற ஒரு தாண்டும் வீரர், அமெரிக்கப் பல்கலைக்கழகப் பயிற்சியும் பெற்றவர், இன்னொரு வகைத் தாண்டுதலில் 645 புள்ளிகளோடு நிற்கிறார். 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் தமிழ்நாட்டின் ரோசி மீனா பால்ராஜ் கோலூன்றித் தாண்டிய உயரம் 4.20 மீட்டர். கால்வலுவிலோ வேகத்திலோ தேஜஸ்வினுக்கு அவர் நிகரில்லை. கம்பைக் கையாளும் கலையில் ஆண்டுக்கணக்கில் ஊறியவர். தேஜஸ்வினின் திறனில் ஐயமில்லை. கம்பை எவ்வளவு உயரத்தில் பிடிப்பது, ஓட்டத்தின் எந்த அடியில் குழியில் ஊன்றுவது, வளைந்த கம்பு நிமிரும் கணத்தில் உடலைத் தலைகீழாக எப்படித் திருப்புவது என்பவை வேறெந்த விளையாட்டிலும் கற்றுக்கொள்ள முடியாதவை. உயரம் தாண்டுபவர்க்கே இந்த நிலை என்றால், மட்டை பிடிப்பவர்க்கு எங்கிருந்து அது வாய்க்கும்?

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் மறைக்க வேண்டியதில்லை. 2021இல் கலிஃபோர்னியாவில், அமெரிக்கக் கால்பந்தின் டி.கே. மெட்காஃப், நூறு கிலோவுக்கு மேற்பட்ட உடலோடு தொழில்முறை ஓட்டக்காரர்களுக்கு இணையாக 100 மீட்டர் ஓடினார். 10.37 நொடி. தம் பிரிவில் கடைசியாக வந்தார் என்று சிலர் நகைத்தனர். அந்த நகைப்பு அறிவற்றது. ஏனெனில் டெக்கத்லான் அட்டவணையில் 10.37 நொடிக்கு 1006 புள்ளிகள். 2018இல் பிரான்சின் கெவின் மாயர் 9126 புள்ளிகளோடு உலக சாதனை படைத்தபோது 100 மீட்டரை 10.55 நொடியில் ஓடிப் பெற்றது 963தான். அதாவது ஒரு குழு விளையாட்டு வீரர், ஒரு போட்டியில், டெக்கத்லானின் உலக சாதனையாளரையே விஞ்சுகிறார். ‘நினைத்திருந்தால்’ வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கணக்கு அங்கே நிற்பதில்லை. ஹாங்சோவில் தேஜஸ்வின் 100 மீட்டரில் 11.12 நொடிக்குப் பெற்ற 834ஐக் கழித்தால் மெட்காஃப் போன்றவருக்கு 172 புள்ளிகள் முன்னிலை. கோலூன்றித் தாண்டுதலில் தொடக்க உயரத்தை மூன்று முயற்சிகளிலும் தாண்டாதவர்க்குப் பூச்சியம். அங்கே 645 போய்விடும். இரண்டாம் நாளின் முடிவில், அவ்வளவு எடையோடு 1500 மீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்தார் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 399 புள்ளிகள். 4 நிமிடம் 48.32 நொடியில் ஓடிய தேஜஸ்வினுக்கோ 629. மூன்றே போட்டிகளில் 172 முன்னிலை, 703 பின்னடைவாக மாறிவிட்டது. தடை தாண்டலும் வட்டும் ஈட்டியும் இன்னும் கணக்கில் வரவில்லை. இந்த ஒப்பீடும் மாயருடன் அன்று. ஆசிய வெள்ளிப் பதக்கத்துடன். மாயர் அந்தச் சாதனையில் கோலூன்றித் தாண்டியது 5.45 மீட்டர், 1051 புள்ளிகள். எறிந்த ஈட்டி 71.90 மீட்டர், 918.

வேகப்பந்து வீச்சாளரின் தோளை ஈட்டிக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. பந்து வீச்சில் முழங்கையைப் பதினைந்து பாகைக்கு மேல் நீட்டினால் வீச்சே செல்லாது. ஈட்டியிலோ முழங்கை சாட்டைபோல் விரிவதில்தான் உயிர் இருக்கிறது. எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறியும் களத்தடுப்பாளரைக் காட்டியிருந்தால் வாதம் சற்றுத் தேறியிருக்கும். அப்போதும் பந்து ஏறத்தாழ 160 கிராம், ஈட்டி 800 கிராம். யோ-யோ சோதனையைக் காட்டுவோரும் உண்டு. இந்தியக் கிரிக்கெட் அணி 16.1 என்ற அளவை வரம்பாக வைத்த நாளிலிருந்து அவ்வெண் உடற்தகுதியின் முத்திரையாகவே பேசப்படுகிறது. இருபது மீட்டர் தொலைவை இடைவெளி விட்டு விட்டு ஓடும் திறனை அது அளக்கிறது. அதைக்கொண்டு வட்டு எறிதலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இங்கே கல்விப்புலத்தார் அறிந்திருக்க வேண்டிய பழைய விவாதம் ஒன்றிருக்கிறது. மனிதரிடம் ‘பொது இயக்கத்திறன்’ என்று ஒன்றுண்டு, அது எல்லாச் செயல்களுக்கும் பாயும் என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உடற்கல்வியில் செல்வாக்கோடு இருந்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பிராங்க்ளின் ஹென்றி 1950களிலிருந்து அதை மறுத்தார். ஓர் இயக்கத்தில் தேர்ந்திருப்பதைக் கொண்டு இன்னோர் இயக்கத்தை முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை, திறன்கள் செயலுக்குச் செயல் தனித்தனி என்பது அவர் நிலைப்பாடு. ஹென்றியின் கருத்து முழுமையாக ஏற்கப்பட்டது என்று சொல்ல முடியாது. வேகமும் வலுவும் ஓரளவு பொதுவானவையே. ஆனால் விடுதி அறையில் எழும் வாதம் அந்த மறுப்பையே கேள்விப்படாததுபோல் பேசுகிறது. ஒரு மொழியில் வல்லவர் எந்த மொழியிலும் வல்லவராவார் என்று மொழியியல் மாணவரிடம் யாராவது சொன்னால் அவர் சிரிப்பார். அதே மாணவர் ஏ.பி. டிவில்லியர்ஸ் பற்றிய பட்டியலைப் பகிர்வார். ஹாக்கி, ரக்பி, நீச்சல், ஓட்டம், பூப்பந்து என எல்லாவற்றிலும் அவர் தேசிய அளவில் விளங்கியதாகச் சொல்லும் அப்பட்டியல் கைபேசிகளில் பல்லாண்டுகள் சுற்றியது. 2016இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே அதன் பெரும்பகுதியை மறுத்துவிட்டார். பட்டியல் இன்னும் சுற்றுகிறது.

ஜிம் தோர்ப்பைச் சொல்வார்கள். 1912 ஸ்டாக்ஹோமில் டெக்கத்லான் தங்கம், அதன்பின் தொழில்முறை பேஸ்பாலும் அமெரிக்கக் கால்பந்தும். மாமனிதர்தான். ஆனால் அவருடைய அன்றைய அளவுகள் இன்றைய அட்டவணையில் 7000ஐ எட்டா. மற்ற எடுத்துக்காட்டுகளில் போக்குவரத்து எந்தத் திசையில் நடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 1956இல் தங்கம் வென்ற மில்ட் கேம்ப்பெல், அதற்குப் பின்னரே கிளீவ்லாந்து பிரவுன்ஸ் கால்பந்து அணிக்குப் போனார். டோக்கியோவில் 9018 புள்ளிகளோடு வென்ற கனடாவின் டேமியன் வார்னர் பள்ளியில் கூடைப்பந்து ஆடியவர்; தேஜஸ்வினைப் போலவே பள்ளி ஆசிரியர்கள்தாம் அவரைத் தடகளத்துக்குத் திருப்பினர். 1973இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ‘சூப்பர்ஸ்டார்ஸ்’ என்ற போட்டியை நடத்தியது. பல துறை நட்சத்திரங்கள் தத்தம் துறை அல்லாத விளையாட்டுகளில் மோதினர். கால்பந்தின் ஜானி யுனைடஸ், பேஸ்பாலின் ஜானி பெஞ்ச் ஆகியோரும் இருந்தனர். வென்றவர் பாப் சீக்ரன், கோலூன்றித் தாண்டுபவர்.

இதனால் கிரிக்கெட் வீரர் தாழ்ந்தவர் என்று ஆகாது. நல்ல வேகப்பந்தை எதிர்கொள்ளும் மட்டையாளர் பந்து கையை விட்டுப் புறப்படும் முன்பே அதன் போக்கைப் படிக்கிறார்; அதை மாயராலும் செய்ய முடியாது. ஆனால் யாரும் ‘மாயர் நினைத்திருந்தால் டெஸ்ட் சதம் அடித்திருப்பார்’ என்று சொல்வதில்லை. ‘நினைத்திருந்தால்’ என்ற எச்சம் எப்போதும் ஒரே திசையில்தான் ஓடுகிறது: பணமும் புகழும் உள்ள விளையாட்டிலிருந்து அவை இல்லாத விளையாட்டை நோக்கி. பதக்கம் பெற்றவரின் பத்தாண்டு உழைப்பை, பெறாதவர் ஒருவரின் மனவிருப்பம் ஈடுசெய்துவிடுகிறது.

அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை அறியக் கோபிநத்தத்தை நினைக்கலாம். மாதேஸ்வரன் மலைக்கு அப்பால், ஒகேனக்கல்லுக்கு அருகே, காவிரியையொட்டிய காட்டோரத் தமிழூர். 1997 வரை மைசூரு மாவட்டத்திலும் அதன்பின் சாமராஜநகரிலும் அடங்கியது. மைசூரு நகரம் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால். வெளியுலகம் இவ்வூரை ஒரே ஒரு பெயரால் மட்டும் அறிந்து வைத்திருக்கிறது. அப்பெயரை இங்கே மீண்டும் எழுதத் தேவையில்லை. இத்தகைய ஊரில் பதின்மூன்று வயதுப் பையனுக்குக் கிரிக்கெட் ஆட ஒரு மட்டையும் ஒரு பந்தும் போதும், கபடிக்கு ஒரு கோடு போதும். கோலூன்றித் தாண்டுவதற்கு விழும் மெத்தை வேண்டும், ஓடுபாதை வேண்டும், உடல் எடைக்கேற்ற கம்பு வேண்டும். எடை கூடக் கூட வேறு கம்பு வேண்டும். நான்கரை மீட்டர்க் கம்பைக் கொள்ளேகால் பேருந்தில் யாரும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் பையனிடம் 7.37 மீட்டர் தாண்டும் கால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டெல்லிப் பள்ளியில் தேஜஸ்வினிடம் அதைக் கண்டுகொள்ள ஓர் ஆசிரியர் இருந்தார். முன்னணி வீரர் நினைத்திருந்தால் எல்லாம் கைகூடியிருக்கும் என்று நம்பும் பல்கலைக்கழகம், தாலுகாப் பள்ளிக்கு அப்படி ஓர் ஆசிரியரும் பத்துத் தடைகளும் ஒரு மெத்தையும் வேண்டும் என்று எழுதப்போவதில்லை. உடற்கல்வித் துறைகளில் ஆய்வு செய்வோர் இந்த ‘ஈடு’ விவாதத்தை விட்டுவிட்டு எடுக்கக்கூடிய அளவீடு ஒன்றுண்டு. மைசூரு, சாமராஜநகர், ஈரோடு, தருமபுரி மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் எத்தனை இடங்களில் ஒரு மாணவர் பத்துப் போட்டிகளையும் ஒருமுறையேனும் செய்து பார்க்க முடியும் என்று போய் எண்ணி வரலாம்.