பழைய லொறியும் புதிய வர்ணமும்

பழம்பொருள் விற்பவன் பொய் சொல்லவேண்டும் என்பதில்லை. சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டாலே போதும். வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கடல்கடந்த சாமான்களை வாங்கும் இந்நாளில் அவ்வித்தை வெகு சுலபமாகிவிட்டது. பழைய விளையாட்டு மோட்டார் வண்டிகளைத் தேடி வாங்குவோர் இதனை நன்கறிவர்.

இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்துப் பின்ஸ் வீதியில் மெக்கானோ கொம்பனியாரின் தொழிற்சாலை இருந்தது. பிராங்க் ஹோர்ன்பி என்பவர் நிறுவிய அக்கொம்பனி, 1934 ஆம் ஆண்டு முதல் 'டிங்கி' என்னும் பெயரில் உள்ளங்கையில் அடங்கும் உலோக வண்டிகளை வார்த்து உலகெங்கும் அனுப்பிற்று. மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்கள் விடுமுறையில் ஊர் திரும்புங்கால், அவர்தம் பெட்டிகளின் அடியிலிருந்து இத்தகைய வண்டிகள் வெளிப்பட்டதுண்டு. 1979 இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அன்று சில்லறைக் காசுக்கு வாங்கிய வண்டிகளுள் அரியவை சில, பெட்டியோடு கிடைக்குமாயின், இன்று பல நூறு பவுண் பெறுகின்றன.

நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். சிறுபிராயத்தில் அம்மான் கொடுத்த சிவப்பு லொறியொன்றை முதுமை வரை பேணி வைத்திருந்தவர். 1995 இல் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்தபோது வீட்டோடு விடப்பட்ட பொருள்களுள் அதுவும் ஒன்று. அண்மையில் அதே லொறியை இணைய விளம்பரமொன்றிற் கண்டார். ஒரு மாத ஓய்வூதியத்துக்கு மேலாகவே அனுப்பி வரவழைத்தார். வந்தது. கீறல் இல்லை, மங்கல் இல்லை. அவருடைய தங்கையார் அதனைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது அதின்ரை பேரனாக்கும்" என்றார்.

அவர் சொன்னது சரி. விளம்பரத்தை நாம் மீண்டும் படித்துப் பார்த்தோம். 'ஐம்பதுகளின் லொறி' என்றிருந்ததேயன்றி, ஐம்பதுகளிற் செய்யப்பட்டது என்று ஓரிடத்திலும் இல்லை! எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது?

இப்பேரன்களின் பிறப்பில் களவு எதுவும் இல்லை. டிங்கி என்ற பெயரின் உரிமை கைமாறிக் கைமாறி மற்றெல் கொம்பனியிடம் சேர்ந்தது. அவர்களது அனுமதியோடு பழைய வண்டிகளின் மறுபதிப்புகள் சீனாவில் தயாராகி, மறுபதிப்பு என்று சொல்லியே விற்கப்பட்டன. இரண்டாம் கைக்குப் போகும்போதுதான் கூட வந்த கடதாசி தொலைகிறது. மூன்றாம் கையில் வயது அறுபது ஏறிவிடுகிறது.

மற்றொரு வகையுமுண்டு. வண்டி பழையது, வர்ணம் புதியது. அடித்தகட்டையும் மேலுடலையும் பொருத்தும் ஆணிமுனைகளைத் துளைத்துப் பிரித்து, புதுவர்ணம் பூசி, புதிய றப்பர்ச் சில்லுகள் இட்டு, மீண்டும் பொருத்துவார்கள். பழுது பார்ப்பது குற்றமன்று. அதனைத் தொழிற்சாலை வர்ணம் என்று விற்பதே குற்றம். ஆதலால் வண்டியின் முகத்தைவிட அடிப்புறமே நமக்கு முக்கியம். ஆணிமுனையில் துளையிட்ட வடு, திருகாணி, பசை, இவற்றுள் எது தென்பட்டாலும் கேள்வி கேட்கவேண்டும். அடிப்புறத்தின் படத்தை அனுப்புமாறு கேட்டதும் விற்பவர் மௌனியாகிவிட்டால், அதுவே போதிய பதில்.

யுத்தத்துக்கு முந்திய வண்டிகளில் வேறொரு சாட்சி இருக்கிறது. அக்காலத்து நாகக் கலவையிற் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டமையால், நாளடைவில் உலோகம் உப்பி, வெடித்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வருவதுண்டு. எல்லா வண்டிகளும் அவ்வாறாவதில்லை. ஆயினும், மயிரிழை வெடிப்பைக் கண்டு முகஞ்சுளிப்பதற்கு முன் சற்று யோசிப்பது நன்று. அட்டைப்பெட்டிகளையும் புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். 1950 க்கு முன்னைய கடதாசியில் வெண்மையூட்டும் ஒளிர்பொருள் சேர்க்கப்படவில்லை. ஊதாக்கடந்த ஒளிவிளக்கின் கீழ் 'முப்பதுகளின் பெட்டி' நீலமாய் மின்னுமாயின், அதன் பிறந்த தேதி வேறு.

இத்தனைக்கும் நடுவே ஒரு வேடிக்கை. 1960 களின் பிற்பகுதியில் டிங்கி அச்சுகள் சில இந்தியாவுக்கு விற்கப்பட்டன. லிவர்ப்பூல் வண்டிகளை வார்த்த அதே அச்சுகளில் கல்கத்தாவில் வார்த்து, 'நிக்கி' என்று பெயரிட்டு விற்றார்கள். அச்சு அசல், பெயர் வேறு. நமது ஆசிரியர் வாங்கியதிலோ பெயர் அசல், அச்சு வேறு. இவ்விரண்டில் எதைப் போலி என்பது? நிக்கி வண்டிகளையும் இன்று சேகரிப்போர் தேடுகிறார்கள்.

ஆசிரியரிடம் இதனைச் சொன்னோம். இனி வாங்குவதாயின் கல்கத்தா வண்டிதான் என்றார். "முதலில் ஓய்வூதியம் வரட்டும்" என்றார் தங்கையார்.